ஒத்திகை இல்லாத நாடகத்துக்கு ஒரு வாத்தியார்

2019ல் நடிகர் சங்கத் தேர்தல் நடந்தப்போ இரண்டு அணிகள் மோதின. ஒன்று நாசர் தலைமையில் பாண்டவர் அணி. இன்னொன்று பாக்யராஜ் தலைமையில் சுவாமி சங்கரதாஸ் அணி. பாண்டவர் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். சங்கரதாஸ் யாருன்னு கேட்டா நம்ம வகுப்புல பாதிப் பேர் ஏதோ மடத்துச் சாமியார்னு நினைப்போம், மீதிப் பேர் மொபைலை எடுப்போம்.

சாமியார் மாதிரி வாழ்ந்தவர்தான், தப்பில்லை. ஆனா பிழைப்பு நாடகம். அதுவும் விடிய விடிய நடக்கிற, விசில் பறக்கிற, பபூன் வந்து கூட்டத்தைக் கெட்ட சிரிப்பு சிரிக்க வைக்கிற நாடகம். அவர் இறந்து நூறு வருஷம் தாண்டியாச்சு. இன்னிக்கும் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துல திருவிழான்னா, ராத்திரி பத்து மணிக்கு மேல அவர் எழுதின பாடம்தான் மேடை ஏறுது.

விருத்தாசலத்துக்காரங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கணும். நம்ம பக்கம் கூத்துதான் பழக்கம். திரௌபதி அம்மன் கோயில், பாரதக் கூத்து, கட்டியங்காரன். கூத்துக்கு ஒரு ஜமா உண்டு. வாத்தியார், பாட்டு, மத்தளம், வேஷக்காரர் எல்லாம் ஒரே குழு, வருஷக்கணக்கா ஒன்றாக ஆடுகிறவர்கள். தெற்கே நடக்கிற ஸ்பெஷல் நாடகம் அப்படி இல்லை. அங்கே குழுவே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்த்ரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர், ஆர்மோனியம் மற்றொரு ஊர். விழாக் கமிட்டி ஒவ்வொருத்தரையும் தனித்தனியா தேதி கேட்டு, தனித்தனியா சம்பளம் பேசி ஒப்பந்தம் பண்ணும். நோட்டீஸ்ல எல்லாருக்கும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. சாயங்காலம் பஸ்ஸிலோ காரிலோ வந்து இறங்குவார்கள். சில பேர் ஒருத்தரை ஒருத்தர் அன்னிக்குத்தான் முதல் தடவையா பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. டைரக்டர் கிடையாது. நேரா மேடை.

ஆறு ஏழு மணி நேரம் இது எப்படி ஓடுது? எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம். வள்ளி திருமணம்னா இந்தக் காட்சிக்கு அப்புறம் இந்தப் பாட்டு, இந்தக் கேள்விக்கு இந்தப் பதில்னு ஒரு எலும்புக்கூடு எல்லார் மண்டையிலும் இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா, அது ஒரு புரோட்டோகால். எந்தக் கம்பெனி மெஷினா இருந்தாலும் ஒன்றோடு ஒன்று பேசும். நாம செராமிக் ஊர்ல இருக்கோம், இப்படியும் சொல்லலாம்: அச்சு ஒன்று, மண்ணும் சூளையும் அவரவருடையது. அந்த அச்சைச் செய்தவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867 செப்டம்பர் 7ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சங்கரன். அப்பா தாமோதரன், ராமாயணம் சொல்வதில் பேர் வாங்கியவர். முதல் தமிழ்ப் பாடம் அவரிடம். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியம். பதின்ம வயதிலேயே வெண்பாவும் சந்தப் பாட்டும் எழுத வந்துவிட்டது. அதை வைத்துச் சோறு திங்க முடியாதே, தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்குப் பார்க்கிற வேலை. இலக்கணமும் பேரேடும் ஒரே கை. இந்தக் கணக்கர் புத்தி பின்னால் அவர் நாடகத்திலும் தெரியும்: யார் எப்போ வரணும், எத்தனை பாட்டு, எந்த இடத்துல கதை திரும்பணும் எல்லாம் வரவு செலவு மாதிரி நேராகும்.

24 வயதில், 1891ல், அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார். அதே 1891ல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். இந்த இரண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு வேடிக்கை. சம்பந்த முதலியார் பிறகு வக்கீலாகி நீதிபதியாகவும் உட்கார்ந்தவர். அவர் சபையில் இருந்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். பகலில் கோட்டு, ராத்திரியில் வேஷம். நாடகம் அவர்களுக்கு வயிற்றுப்பாடு இல்லை, அதனால மரியாதை குறையவில்லை. வயிற்றுக்காக ஆடினவனுக்கு ஊர் வைத்த பெயர் கூத்தாடி. வேறெந்தத் தொழிலிலும் கூலி வாங்காமல் செய்கிறவனைக் கத்துக்குட்டின்னும், கூலி வாங்குகிறவனைத் தொழில்காரன்னும் சொல்வோம். நாடகத்துல மட்டும் தலைகீழ். சுவாமிகள் போய்ச் சேர்ந்தது கூலி வாங்குகிறவர்கள் பக்கம்.

ராமுடு ஐயர், கல்யாணராம ஐயர் நடத்திய கம்பெனியில் முதலில் நடிகர், பிறகு ஆசிரியர். அப்புறம் சாமி நாயுடு கம்பெனி. இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன், எல்லாம் பயமுறுத்துகிற வேஷங்கள். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி தொண்டை வேண்டும். அவருக்கு இருந்தது.

அந்த வேஷமே அவரை மேடையிலிருந்து இறக்கியது என்று அவருடைய மாணவர்கள் வழியாக வந்த கதை சொல்கிறது. நளன் கதையில் சனீஸ்வரனாக ஆடிவிட்டு விடியற்காலையில் நீர்நிலையில் வேஷம் கலைக்கப் போனாராம். அங்கே வந்த ஒரு பெண் அந்தக் கறுத்த உருவத்தைப் பார்த்து அதிர்ச்சியில் விழுந்து உயிரை விட்டாள். இன்னொரு ஊரில் எமன் வேஷத்தோடு அவர் போட்ட சத்தத்தில் கூட்டத்திலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது. இத்தோடு நடிப்பை விட்டார் என்கிறார்கள். கதை கைமாறும்போது எவ்வளவு ஏறியிருக்கும் என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது, இது அவருடைய நடிப்பின் பெருமையாக மட்டும் சொல்லப்படாமல், அவர் விட்டதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது. பயமுறுத்துவது அவர் வேலை, வேலையை நன்றாகத்தான் செய்தார், அதன் விளைவு அவரைத் தூங்கவிடவில்லை.

நடுவில் சில வருஷம் எல்லாத்தையும் விட்டுவிட்டுத் துறவி மாதிரி கோயில் கோயிலாகத் திரிந்தார். சுவாமிகள் என்ற பெயர் அப்போ ஒட்டியது, கடைசி வரை போகலை. திரிந்தவரைப் புதுக்கோட்டையில் பிடித்து நிறுத்தியவர் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை. கச்சேரி மேடைக்குக் கஞ்சிராவைக் கொண்டுவந்தவர் என்று இசைக்காரர்கள் கொண்டாடுகிற அதே மான்பூண்டியாதான். சங்கரதாஸைத் தன் பிள்ளையாகவே சுவீகரித்துக்கொண்டார். தாளம் அங்கே ஆழமாக ஏறியது. சுவாமிகளின் பாட்டுகளில் சொல் வந்து தாளத்தில் விழுகிற கச்சிதம் இருக்கே, அதுக்குப் பின்னால் புதுக்கோட்டை இருக்கு. பழகிய பாடகர் ராகத்தை மாற்றலாம், இழுக்கலாம், சுருக்கலாம், பாட்டு உடையாது.

மறுபடி நாடகத்துக்கு வந்தார். வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர் என்று கம்பெனி முதலாளிகளுக்கே நாடகப் பாத்திரத்தின் பெயர் முன்னொட்டாக ஒட்டியிருந்த காலம். அவர்கள் கம்பெனிகளில் ஆசிரியராக இருந்தார். 1910ல் சொந்தமாக ஒரு சபை: சமரச சன்மார்க்க நாடக சபை. வடலூர் பக்கத்துல இருக்கிற நமக்கு இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே வள்ளலார் ஞாபகம் வந்துவிடும். அங்கே பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் செங்கோட்டைச் சின்னப் பையன் எஸ்.ஜி.கிட்டப்பா. பிற்காலத்தில் பெரிய பாடகராகப் பேர் வாங்கிய மதுரை மாரியப்ப சுவாமிகளும் அந்தப் பள்ளிதான்.

இங்கேதான் தொழில் ஒழுங்கு என்கிற விஷயம் வருது. பெரிய நடிகர்களை வைத்துக் கம்பெனி நடத்துவது பாம்பை மடியில் கட்டிக்கொள்கிற வேலை. பேர் வாங்கின ராஜபார்ட் குடித்துவிட்டு வருவார், வராமலும் போவார். நாலு ஊர் தள்ளி இன்னொரு முதலாளி பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் போய்விடுவார். மேடையில் தன் பாட்டை நீட்டி அடுத்தவன் நேரத்தைத் தின்பார். சுவாமிகள் பார்த்தார். சிறுவர்களை வைத்து, குருகுலம் மாதிரி, முதலிலிருந்து பழக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். பாய்ஸ் கம்பெனி என்று சினிமா வரலாற்றில் படிக்கிறோமே, அந்த வழியில் பெரிய பங்கு அவருடையது. எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லாரும் பிற்பாடு இப்படிப்பட்ட கம்பெனிகளில் அடிபட்டு வந்தவர்கள்தான்.

அடிபட்டு என்பது வெறும் பேச்சு வழக்கு இல்லை. இதை மறைத்து எழுதினால் நியாயம் ஆகாது. ஆறு ஏழு வயதுப் பையன், பள்ளிக்கூடம் கிடையாது, வீடு கிடையாது, கம்பெனி வீட்டில் சோறு, தப்புச் செய்தால் பிரம்பு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ஸ்த்ரீபார்ட் பையனின் பிழைப்பு அதோடு ஆட்டம் காணும். இன்றைய சட்டத்தில் இது குழந்தைத் தொழில், சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டிலும் சோறு இல்லாத ஒரு பையனுக்கு அன்றைக்கு அங்கே கிடைத்தது மூன்று வேளைச் சாப்பாடும், தமிழும், இசையும், ஒரு தொழிலும். இரண்டையும் சேர்த்தே பார்க்கணும்.

ஒழுங்கு கற்றுக்கொடுத்தும் போட்டி போகவில்லை, இடம் மாறியது. தயாரான பையனை அடுத்த கம்பெனி இழுத்துக்கொண்டு போவது சர்வ சாதாரணம். நம்ம ஐடி கம்பெனி கதைதான்: ட்ரெயினிங் ஒருத்தர் செலவு, ஆள் இன்னொருத்தர் கையில். கிட்டப்பாவும் அண்ணன் தம்பிகளும் பிறகு கன்னையா கம்பெனிக்குப் போனார்கள். தசாவதாரத்தைப் பிரமாண்டமான காட்சி ஜோடனைகளோடு போட்டுக் கூட்டத்தை வாய் பிளக்க வைத்த கம்பெனி அது. சுவாமிகளிடம் ஜோடனைக்குப் பணம் ஏது? அவரிடம் இருந்தது பாட்டும் வசனமும்.

அது எவ்வளவு இருந்தது என்பதற்கு ஒரு ராத்திரி சாட்சி. 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஆரம்பமானது, சுவாமிகள் ஆசிரியர். ஸ்த்ரீபார்ட் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளை தன் பையன்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். அவர்கள்தான் பிற்காலத்து டி.கே.எஸ். சகோதரர்கள். அதில் சண்முகம் 1912ல் பிறந்தவர், ஆறு வயது. அந்தப் பையனுக்கு ஏற்ற மாதிரி முக்கிய வேஷம் உள்ள நாடகம் ஒன்று வேண்டும் என்று ஆனபோது, சுவாமிகள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் விளக்கும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடியும்போது அபிமன்யு சுந்தரி முழுசா தயார். நூற்றுக்கு மேல் பாட்டு, வசனம் வேறு, அடித்தல் திருத்தல் இல்லை. இதை எழுதி வைத்தவர் அதே சண்முகம்தான், ஊருக்கெல்லாம் அவ்வை சண்முகம் ஆன பிறகு.

மொத்தம் 68 நாடகம் எழுதினார் என்று கணக்குச் சொல்கிறார்கள். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, வள்ளி திருமணம், கிறிஸ்தவக் கதையான ஞானசௌந்தரி, ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் வரை. ஆனா எண்ணிக்கையை விடப் பெரிய விஷயம், அந்தப் பாடம் ஒரே கம்பெனியின் பூட்டுக்குள் நிற்காமல் தமிழ்நாடெல்லாம் பரவியது. கம்பெனியிலிருந்து பிரிந்து தனியாக நின்ற நடிகர்கள் எல்லாரும் அதையே பேசினார்கள், அதையே பாடினார்கள். ஸ்பெஷல் நாடகம் பெருகினது அப்படித்தான்.

இப்போ போட்டிக்கு வருவோம். வள்ளி தினைப்புனத்தில் காவல் இருக்கிறாள். நாரதர் வருகிறார். கதைப்படி அவர் முருகனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகணும், அவ்வளவுதான். மேடையில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் தர்க்கம். நாரதர் ஒரு கேள்வியைப் பாட்டில் போடுவார், வள்ளி பாட்டில் பதில் சொல்லணும். அவர் புராணத்தில் ஒரு மூலையிலிருந்து எடுப்பார், அவள் குறளில் பிடித்துத் திருப்பணும். அவர் ராகத்தை மேலே கொண்டுபோய் நிறுத்தினால் அவள் அதற்கு மேல் போகணும். ராப் பேட்டில் பார்த்து வாய் பிளக்கிறவர்கள் ஒருமுறை இதைப் பார்க்கணும். பாதி பாடத்தில் உள்ளது, பாதி அந்த நிமிஷத்தில் பிறக்கிறது. எதிரே இருப்பவர் உண்மையாகவே உங்களை மடக்கப் பார்க்கிறார். மடங்கினால் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும், அடுத்த வருஷம் அந்தக் கமிட்டி உங்களிடம் தேதி கேட்காது.

ஆனா விடிவதற்குள் முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் ஆகியே தீரணும். அடுத்தவரை முழுசா கவிழ்த்துவிட்டால் கதை நின்றுபோகும், எல்லார் பேரும் கெடும். அதனால் எவ்வளவு தூரம் மடக்கலாம், எந்த இடத்தில் கை கொடுத்துத் தூக்கிவிடணும் என்பது தெரிந்தவர்தான் நல்ல நாரதர். அந்த எல்லையைக் காட்டுவது சுவாமிகளின் பாடம். சண்டை எவ்வளவு போனாலும் திரும்பி வர ஒரு பாட்டு இருக்கு.

இந்தப் போட்டியில் ரொம்பப் பேர் பெற்ற ஜோடி, சுவாமிகளிடம் படித்த கிட்டப்பாவும் கொடுமுடியிலிருந்து வந்த சுந்தராம்பாளும். 1926ல் இலங்கையில் மேடையில் சேர்ந்தார்கள். கிட்டப்பாவின் குரலுக்கு முன்னால் நிற்க முடியாது என்று அந்தப் பெண்ணை முன்கூட்டியே பயமுறுத்தியவர்கள் உண்டு. அவர் நின்றார், நின்றது மட்டுமில்லை, ஈடு கொடுத்தார். 1927ல் கல்யாணம். 1933ல் 27 வயதில் கிட்டப்பா போய்விட்டார். இதையெல்லாம் பார்க்கச் சுவாமிகள் உயிரோடு இல்லை.

சுவாமிகள் பாடத்தில் இல்லாத ஒரு பகுதியும் ஸ்பெஷல் நாடகத்தில் உண்டு. உண்மையைச் சொன்னால் பாதிக் கூட்டம் அதுக்குத்தான் முன்வரிசையில் இடம் பிடிக்கும். கதை ஆரம்பிக்கும் முன்னால் பபூன் தனியா வருவார். ஊர் நிலவரம், மாமியார் மருமகள், தன் கஷ்டம்னு ஒரு ரவுண்டு. அப்புறம் டான்ஸ் வேஷக்காரப் பெண் வருவார். வழியில் போகிற பெண்ணும் வேலையில்லாத பையனும் இடித்துக்கொள்வார்கள். யார் மேல் தப்பு என்று வாய்ச்சண்டை, பாட்டுச் சண்டை, ஆட்டச் சண்டை, கடைசியில் காதல். வசனத்துக்கு இரண்டு அர்த்தம், இரண்டாவது அர்த்தம்தான் எல்லாருக்கும் முதலில் புரியும். நடுவில் இளவட்டம் ஒருத்தன் பத்து ரூபாய் நோட்டோடு மேடை ஏறுவான்.

படித்தவர்கள் ஸ்பெஷல் நாடகத்தைக் கேவலமாகப் பேச இந்த முக்கால் மணி நேரம் போதும். ஆனா கொஞ்சம் உற்றுப் பார்த்தால், மேடையில் அதிக வேலை அந்தப் பெண்ணுக்குத்தான். பபூன் எதை எடுத்து வீசுவார் என்று தெரியாது, பதில் உடனே வரணும். மேடை ஏறினவனை அவமானப்படுத்தாமல், தன் மேல் கை படாமல் இறக்கிவிடணும். கூட்டத்தைச் சூடேற்றி, அதே சூடு கை மீறாமல் கதைக்காரர்களிடம் ஒப்படைக்கணும். விடிந்ததும் அவரை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்பது அவருக்கே தெரியும். தெரிந்துதான் சங்கத்தில் பேர் பதிந்து, தேதி குறித்து, சொன்ன நேரத்துக்கு வருகிறார். 1891ல் உப்பு ஆபீஸ் கணக்கரைப் பார்த்துக் கூத்தாடி என்று சொன்ன அதே வாய்தான் இன்று இவரையும் சொல்லுது.

கண்டிப்பான சுவாமிகள் இந்தப் பகுதியைக் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் அவரை விடவில்லை. பபூன், டான்ஸ், ராஜபார்ட், ஆர்மோனியம் எல்லாருக்கும் குரு அவர்தான். மதுரையிலிருந்து பல ஊர்களில் இருக்கிற நாடக நடிகர் சங்கங்கள் அவர் பெயரில் வருஷா வருஷம் குருபூஜை நடத்துகின்றன. தேதிக்கும் சம்பளத்துக்கும் முட்டிக்கொள்கிறவர்கள் அந்த ஒரு நாள் ஒரே பந்தியில் உட்கார்வார்கள்.

1921ல் சபை சென்னையில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரே ராத்திரியில் ஒரு நாடகம் எழுதிய வலது கை விழுந்தது. இரணியனாகக் கர்ஜித்த நாக்கும் அடங்கியது. அந்த நிலையிலும் சபையை விட்டுப் பிரியவில்லை. பையன்கள் எந்த ஊருக்குப் போனார்களோ அங்கெல்லாம் கூடவே போனார். கடைசியாகப் போன ஊர் புதுச்சேரி. 1922 நவம்பர் 13ஆம் தேதி ராத்திரி அங்கே காலமானார். வயது 55.

நம்ம பஸ் ஸ்டாண்டில் ஏறினால் வடலூர், கடலூர் தாண்டிப் புதுச்சேரி. பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு அவர் பெயர்தான். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கு, பாரதியின் குயில் தோப்பு இருக்கிற அதே கருவடிக்குப்பம். நவம்பர் 13 வாக்கில் போனால், ராத்திரி வேஷம் கலைத்த கையோடு தெற்கேயிருந்து வந்த ராஜபார்ட்டுகளும் பபூன்களும் அங்கே மாலையோடு நிற்பார்கள்.